படகுக்கு ஐந்து வாளி அபிஷேகம்

1. சூடான இஞ்சின்

பழைய இஞ்சின் ஒன்றை விலை பேசப் போகிறவர்கள் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். குளிர்ந்து கிடந்தால் விற்பவர் நேர்மையானவர், அல்லது சோம்பேறி. இரண்டில் எதுவானாலும் நமக்கு நல்லதே. சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே யாரோ அதைத் தட்டியெழுப்பி, இருமவேண்டிய இருமலையெல்லாம் இருமவைத்து, முகம் கழுவி உட்காரவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

தீபாவளி கழிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் உள்ள தேவா மொதலாளியின் யார்டில் நான் கைவைத்த இஞ்சின் நன்றாகவே சூடாக இருந்தது.

"என்னா மொதலாளி, விடிஞ்சதும் விடியாததுமா ஓடியிருக்கு போல?"

"சாமி கும்புட்டோம்ங்க பிட்டர் ஐயா. பூசை போட்டுட்டு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணாம விட்டா எப்பிடி? மொறையில்லைல்ல."

முறையைப் பற்றி நான் தர்க்கம் செய்வதில்லை. நான் தோட்டத்துத் தேயிலை பெக்டரிகளில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரோலர், டிரையர், பழைய டீசல் இஞ்சின் என்று எண்ணெய்க்குள்ளேயே கிடந்த ஆள். ஓய்வுபெற்ற பிறகு, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடும் சிறிய படகுகளின் மோட்டார்கள் ஒவ்வொன்றாக என் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கின. ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டியும், கெட்டுப்போன மோட்டார்களைப் பிரித்தும் படகு வைத்தியம் கற்றுக்கொண்டேன். பிரித்ததில் சில திரும்பப் பூட்டுப்படவில்லை. உடைமையாளர்கள் மன்னித்துவிட்டார்கள்.

அன்று எனக்கு முன்னால் நின்றது சிறிய படகல்ல. ஸ்கீ போட். காலில் பலகை கட்டிக்கொண்டு தண்ணீரின் மேல் வழுக்கிப் போகிறவரைக் கயிறு போட்டு இழுக்கிற படகு. நம் பக்கத்துப் படகுகளில் மோட்டார் பின்னால் தொங்கும். கெட்டால் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். இது இன்போர்ட். லொறி இஞ்சின் மாதிரி ஒன்று படகின் நடுவயிற்றில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்க் காற்றாடியைச் சுற்றும். கெட்டால் தூக்கிக்கொண்டு போகமுடியாது. நம்மைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்.

வாங்க வந்தவள் மலர். என்னோடு ஒரே தோட்டத்தில் பிறந்தவள், என்னைவிட இருபது வயது இளையவள். குவைத்தில் பல வருடம் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துச் சேர்த்ததைக் கொண்டுவந்து, நீர்த்தேக்கத்துக் கரையில் நான்கு அறைகள் கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். சிவனொளிபாதமலை ஏறும் சீசன் மார்கழியில் தொடங்கிவிடும். படகு இருந்தால் சீசன் முழுவதும் ஆட்களை அனுப்புவதாகக் கொழும்பில் ஒரு சுற்றுலா ஏஜென்ட் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஆட்கள் எதிர்க்கரைக்குப் போவார்கள். மலரின் கையில் இருக்கும் பணம் ஒரு படகுக்குத்தான் போதும். இரண்டாம் முறை வாங்க முடியாது.

"அண்ணே, எனக்கு இதுல ஒரு மண்ணுந் தெரியாது," என்றாள். "நல்லதா கெட்டதா, ஒத்த வார்த்தையில சொல்லிருங்க. ஒங்க நாக்க நம்பித்தான் நிக்கிறேன்."

அவள் புருஷன் சந்திரனுக்கு என் நாக்கு தேவைப்படவில்லை. நான் போய்ச்சேரும்போதே அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். படகு ட்ரெய்லரில் நின்றது, ட்ரெய்லரின் ஒரு டயரில் காற்றே இல்லை. ஆனாலும் அவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பிட்டர் அண்ணே, ஹோர்ன கேட்டீங்களா?" என்று அடித்தும் காட்டினார். பக்கத்து லயத்து வீடுகளின் நாய்கள் பதில் சொல்லின.

படகின் வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு. மூக்கில் செவ்வந்தி மாலை. ஸ்டியரிங்கில், இஞ்சின் பெட்டியில், இஞ்சினில், தண்டில், காற்றாடியின் ஒவ்வொரு இதழிலும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். பெட்ரோல் டாங்க் மூடிக்குக்கூடப் பொட்டு உண்டு. எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு வைப்பதில்லை.

2. பொட்டுக்குக் கீழே என்ன?

இந்தப் பொட்டு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

பெக்டரியில் ஆயுத பூசைக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். வைத்ததை யாரும் துடைக்கக்கூடாது. அதுவாக உதிரவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் அது உதிராது. அடுத்த வருடம் அதன்மேல் இன்னொன்று. அதற்கடுத்த வருடம் இன்னொன்று. டிரையரின் பெரிய காற்றாடியைத் தாங்கி நின்ற வார்ப்பிரும்புத் தாங்கியில் இப்படிச் சேர்ந்த சந்தனம் ரொட்டி கனத்துக்கு இருந்தது. ஒருநாள் வேலை மும்முரத்தில் அந்தத் தாங்கி இரண்டாகப் பிளந்து காற்றாடி கூண்டுக்குள் விழுந்து, கொட்டிவைத்த தேயிலையெல்லாம் கூரைவரை பறந்தது. பார்த்தால், வெடிப்பு புதியதல்ல. உள்ளே துரு ஏறிப் பழுத்திருந்தது. பல காலமாக அது சந்தனத்துக்கு அடியில் நிம்மதியாக வளர்ந்திருக்கிறது.

தோட்டத்துத் தொரை வந்தார். உடைந்த துண்டைக் கையில் எடுத்து, "இந்த மஞ்சளா இருக்கிறது என்ன பெயின்ட்?" என்று கேட்டார்.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கைகட்டி நின்று சொன்னார்: "பெயின்ட் இல்லைங்க சேர். பக்தி."

அன்றிலிருந்து பொட்டு வைத்த இரும்பைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றுவதில்லை. சுரண்டத் தோன்றும்.

3. மேலே நன்றாகத்தான் இருந்தது

படகைச் சுற்றிவந்தேன். அடித்தளத்தில் கீறல் உண்டு, ஓட்டை இல்லை. காற்றாடியைக் கையால் சுற்றினேன். தண்டு கோணாமல் சுற்றியது. பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. சுக்கான் திரும்பியது. சுத்தியலின் கைப்பிடியால் உடம்பைத் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் 'டக் டக்' என்று நல்ல சத்தம். நடுவில் இஞ்சின் இருக்கும் இடத்தில் ட்ரெய்லரின் கட்டை குறுக்கே நின்றது. அங்கே கை போகவில்லை.

மேலே ஏறிக் குதிகாலால் தரையை மிதித்தேன். தரையெங்கும் புதுக் கார்ப்பெட் ஒட்டியிருந்தார்கள். கால் மெத்தென்று பதிந்தது. அது கார்ப்பெட்டின் மெத்தா, அதற்குக் கீழே உள்ள பலகையின் மெத்தா என்று சொல்ல வழியில்லை.

"மொதலாளி, இது எங்கேர்ந்து வந்திச்சு?"

"கரையில ஒரு ஹோட்டல்காரரோடதுங்க. அவரு இழுத்து மூடிட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒரு லொறிக்கு மாத்தா வந்திச்சு. ஓட்டமே கொறவு ஐயா. பெட்ரோலுக்கு நாம எல்லாம் கியூல நின்னமே, அந்த வருசத்துலேர்ந்து இது தண்ணியவே பாக்கல. தார்ப்பாய் போட்டு மூடி, பொத்திப் பொத்தி வச்சிருந்தோம். பாவிக்காத சாமான்!"

அவர் இதைப் பெருமையாகச் சொன்னார். நானும் அதைப் பெருமையாகவே கேட்டுக்கொண்டேன். கேட்டபோது என் மண்டையில் மணி அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. என் கவனமெல்லாம் இஞ்சினில் இருந்தது. பிட்டர் என்றால் அப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பான்.

எண்ணெய்க் குச்சியை இழுத்தேன். எண்ணெய் தேன்போல இருந்தது. நேற்று மாற்றியது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கம் பார்த்தேன். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. ஆக, இஞ்சின் மோசமில்லை. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

இந்தப் படகுகள் குளிர்நாடுகளில் ஓடிப் பழசானபிறகு இங்கே வருபவை. இஞ்சினைக் குளிரவைப்பது ஏரித்தண்ணீர். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீரை வடிக்காமல் விட்டால், அது உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும். வெடிப்பில் பசையை அடைத்து, மேலே பெயின்ட் அடித்தால் வெளியே தெரியாது. நுவரெலியாப் பனிக்கு வெடிக்காத இஞ்சின் கப்பலேறி வரும்போதே வெடித்து வந்திருக்கலாம். அப்படி வெடிப்பது இஞ்சினின் பக்கவாட்டில். இந்த இஞ்சினின் பக்கவாட்டில், இரண்டு பக்கமும் வரிசையாகப் பொட்டு.

பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்தேன்.

"அண்ணே!" மலர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "என்னா செய்யப் போறீங்க?"

"தொடச்சிப் பாக்கணும் மலரு."

"பூசை போட்ட பொட்டையா? வாங்கப்போற சாமானுல? வெளங்குமா அண்ணே?"

"நெத்தியில பொட்டு இருந்தா டாக்டர் காய்ச்சல் பாக்கமாட்டாரா?"

"டாக்டர் நெத்திய சொரண்டமாட்டாரு."

தேவா மொதலாளி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். "ஐயா, நீங்க கோயில் பக்கம் வராத ஆளுன்னு ஊருக்கே தெரியும். அதுக்காக என் வீட்டுக்காரி கையால வச்ச பொட்ட அழிச்சிறாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல, வாங்குறவங்களுக்குத்தான் ஆகாது."

"சரி. தண்ணியில எறக்கி ஓட்டிப் பாப்போம்."

"தாராளமா. ட்ரெய்லருக்கு டயர் போடணும். அட்வான்ஸ வச்சாங்கன்னா நாளைக்கே போட்டுக் கொண்டு போயிருவோம்."

சந்திரன் மேலேயிருந்து குனிந்தார். "அட்வான்ஸ குடுத்துருவோமே மலரு. நல்ல நேரம் முடியப்போகுதுல்ல?"

மலரின் கை பையின் மேல் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். 'நல்லது' என்று சொல்ல என்னிடம் காரணம் இருந்தது. 'கெட்டது' என்று சொல்ல ஒரு வரிசைப் பொட்டைத் தவிர எதுவுமில்லை.

4. ஐந்து வாளி

பக்தியைப் பக்தியால்தான் வெல்லவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"மொதலாளி, பொட்டு வச்சீங்க, மாலை போட்டீங்க, சரி. அபிஷேகம் பண்ணுனீங்களா?"

"அபிஷேகமா? வண்டிக்கு யாருங்க அபிஷேகம் பண்ணுறா?"

"வண்டிக்கு இல்ல. இது தண்ணியில போற சாமான். தண்ணியில ஆரம்பிக்கணுமா இல்லியா? அபிஷேகம் பண்ணுனா பழைய பொட்டு தானாப் போயிரும். யாரும் தொடச்ச மாதிரி ஆவாது. கோயில்ல சாமிக்கே அப்பிடித்தான் பண்ணுறாங்க. அபிஷேகம் முடிஞ்சா புதுசா வச்சிக்கலாம்."

மலர் யோசித்தாள். முகம் மலர்ந்தது. "அண்ணே சொல்றது சரிதான். கோயில்ல அப்பிடித்தான்."

மொதலாளி என்னையும் மலரையும் மாறி மாறிப் பார்த்தார். சாமியைக் கூட்டிவந்தவர் அவர். இப்போது சாமி குளிக்கக் கேட்கிறது. முடியாது என்று எப்படிச் சொல்வார்?

"மஞ்சத்தூள் கொஞ்சம் கலந்துக்கிடுவோமா?" என்றார்.

"வெறும் தண்ணியே அஞ்சு வாளி போதும் மொதலாளி. ஏரியில மஞ்சத்தூளா இருக்கு?"

இஞ்சின் இதற்குள் ஆறிவிட்டிருந்தது. பேட்டரி வயரைக் கழற்றினேன். கரண்ட் போகும் இடங்களையும் கார்பரேட்டரையும் பொலித்தீன் பையால் கட்டி மூடினேன். யார்டின் பீலிக் குழாயிலிருந்து மலரே ஐந்து வாளியிலும் தண்ணீர் பிடித்தாள். மலைத்தண்ணீர், கண்ணாடி மாதிரி. முதல் வாளியை அவளே பயபக்தியோடு இஞ்சினின் தலையிலிருந்து ஊற்றினாள். சந்தனம் கரைந்து வழிந்தது. இரண்டாவது வாளி வலப்பக்கத்துக்கு. மூன்றாவது இடப்பக்கத்துக்கு. நான் மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நின்று பார்த்தவர்களுக்கு நான் கும்பிடுவதுபோல் இருந்திருக்கும்.

பொட்டுகள் போய்விட்டன. இரும்பு வெளியே வந்தது. விரலால் தடவினேன், நகத்தால் கீறினேன், கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.

வெடிப்பு இல்லை. ஒட்டு இல்லை. பசை இல்லை. குழந்தையின் கன்னம்போல முழு இரும்பு.

"என்னாங்க பிட்டர் ஐயா?" மொதலாளியின் குரலில் தேன் வடிந்தது. "கெடைச்சிச்சா?"

"இல்ல."

"சாமியச் சந்தேகப்பட்டா இப்பிடித்தாங்க."

சந்திரன் ஹோர்ன் அடித்தார். பேட்டரி வயர் கழன்றிருந்ததால் சத்தம் வரவில்லை. வாயாலேயே "பாம்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மிச்சமிருந்த இரண்டு வாளியையும், வீம்புக்கு, வயிற்றின் பின்புறமாக நானே ஊற்றினேன். "சரி, தண்ணிய வடிச்சிருவோம்," என்று கீழே இறங்கினேன். இந்தப் படகுகளின் பின்புறம் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதற்கு ஒரு பித்தளை அடைப்பு. படகைக் கரையில் நிறுத்தினால் அதைக் கழற்றிவிடவேண்டும், மழைத்தண்ணீர் உள்ளே தங்காமல் போவதற்கு. இந்தப் படகில் அடைப்பு பூட்டியே இருந்தது. வருடக்கணக்கில் பூட்டியே இருந்திருக்கிறது. ஸ்பேனரை இரண்டு கையாலும் இழுத்தபிறகுதான் அசைந்தது.

முதலில் மஞ்சளாக வந்தது. அது சந்தனம். கொஞ்சம் வெளுத்தது. பிறகு நிறம் மாறத் தொடங்கியது. மஞ்சள் சிவந்தது. சிவப்பு கறுத்தது. கண்ணாடிபோல ஊற்றிய தண்ணீர், துளை வழியாக நல்ல சாயத்தோடு, சூடு மட்டும் இல்லாத, பால் விடாத பிளேன்டீயாக விழுந்துகொண்டிருந்தது.

நான் வாழ்நாளெல்லாம் தேயிலைச் சாயத்தைப் பார்த்தவன். அதைவிட நல்ல நிறத்தை எங்கள் பெக்டரி கொடுத்ததில்லை. ஆனால் படகுக்குள் தேயிலை போட்டவர் யாருமில்லை. இந்த நிறம் ஒன்றிலிருந்துதான் வரும். ஊறி உளுத்த மரத்திலிருந்து.

உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தேன். மழைக்காலத்தில் பழைய லயத்துக் கூரைக்கட்டையை இழுத்துப் போட்டால் வருமே, அந்த வாசனை.

5. நான்கு போல்ட்

ஃபைபர் படகு என்று பெயரே தவிர, இந்த மாதிரிப் பழைய படகுகளின் முதுகெலும்பு மரம். அடியில் நீளவாட்டில் இரண்டு கட்டைகள் ஓடும். ஃபைபரால் பூசி மூடியிருப்பார்கள். ஸ்ட்ரிங்கர் என்று பெயர். அவ்வளவு பெரிய இஞ்சினும் அந்த இரண்டு கட்டைகளில்தான் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பூச்சில் ஒரு சிறு வழி கிடைத்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும். வெளியே வராது.

திரும்ப மேலே ஏறி, இஞ்சினின் காலைப் பிடித்திருந்த போல்ட் ஒன்றில் ஸ்பேனரை வைத்தேன். இறுக்கத்தான் பார்த்தேன். அது சுற்றியது. இன்னும் சுற்றியது. இறுகவும் இல்லை, கழலவும் இல்லை, கோயில் பிரகாரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்பேனரை எடுத்துவிட்டு இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். போல்ட் கையோடு வந்தது. பின்னாலேயே தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி மரக்கூழ்.

நான்கு போல்ட்டில் மூன்று அப்படி. நான்காவதைத் தொடவில்லை. அதுவும் வந்தால் இஞ்சினை யார் பிடிப்பது?

"மலரு, இங்க வந்து பாரு."

அவள் ஏறிவந்து பார்த்தாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். இந்தப் படகு மெதுவாகப் போகும்வரை போகும். ஒரு ஆளை இழுத்துக்கொண்டு முழு வேகத்தில் திரும்பும்போது இஞ்சின் இருந்த இடத்தைவிட்டு நகரும். தண்டு கோணும். அது வெளியே போகிற துளை பிளக்கும். நடு ஏரியில், படகில் இருப்பவர் இறங்கி நடந்து வரமுடியாது.

அவள் கூழை விரலில் எடுத்து நசுக்கினாள். பிறகு கையை முந்தானையில் துடைத்தாள்.

சந்திரன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "கட்டைய மாத்திக்கலாம்ல அண்ணே?"

"மாத்தலாம். இஞ்சினத் தூக்கணும், தரைய முழுக்க வெட்டி எடுக்கணும், கட்டைய எடுத்துப் புதுசு போட்டு, திரும்ப எல்லாத்தையும் மூடணும். கறுப்புக் கண்ணாடிய மட்டும் அப்பிடியே வச்சிக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மெல்ல எழுந்து இறங்கினார்.

நான் மொதலாளிக்கு முழு விளக்கம் சொல்லத் தயாரானேன். தார்ப்பாய் போட்டுப் பொத்தி வைத்ததே இந்தக் கேட்டுக்குக் காரணம். அடைப்பைக் கழற்றாமல், காற்றுப் போகாமல், ஹட்டன் மழையில் வருடக்கணக்கில் மூடிவைத்தால் மரத்துக்கு வேறு என்ன ஆகும்? ஓடியிருந்தால்கூடக் கெட்டிருக்காது. பேச்சை எந்த இடத்தில் தொடங்குவது என்பதுவரை மனதில் அடுக்கிவிட்டேன். மொதலாளியும் பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மலர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மொதலாளி, ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்லைங்க. நீங்க நல்ல மனசோட பூசை போட்டீங்க. அபிஷேகமும் நம்ம கண்ணு முன்னாடியே நடந்திச்சு. வெள்ளையா ஊத்துன தண்ணி கறுப்பா வந்திருச்சு. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்? எனக்கு இது குடுத்துவக்கலைங்க."

கும்பிட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

தேவா மொதலாளியின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. மரத்தைப் பற்றி நான் சொல்லியிருந்தால் அவருக்கு ஆயிரம் பதில் இருந்தது. சாமி சொன்னதற்கு என்ன பதில் சொல்வார்? கூட்டிவந்தவரும் அவரேதானே!

அந்த போல்ட் தலைகளிலும் காலையில் பொட்டு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும்தான் இருந்தது. உளுத்தது மொதலாளிக்கு முன்பே தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதமாட்டேன்.

6. பஸ்ஸில்

நோர்வூட் பஸ்ஸில் எனக்குக் கோபமாக இருந்தது. "மலரு, மண்டி போட்டு மண்டி போட்டு முட்டி தேஞ்சது எனக்கு. கண்டுபிடிச்சது நான். பேரு வாங்குனது சாமியா?"

அவள் சிரித்தாள். அன்று முதல் தடவையாக.

"அண்ணே, மரம் உளுத்துப்போச்சின்னு சொன்னா மொதலாளி என்னா சொல்வாரு? கொஞ்சந்தான் உளுத்திருக்கும்பாரு. கொறச்சித் தாறேம்பாரு. செஞ்சி தாறேம்பாரு. நீங்க ஒண்ணு சொல்ல, அவரு ஒண்ணு சொல்ல, பொழுது சாஞ்சிரும். இவரு வேற" என்று முன்சீட்டில் தூங்கிவழிந்த சந்திரனைக் காட்டினாள், "கொறச்சித் தாறேன்னு சொன்ன ஒடனே மறுபடியும் ஏறி ஒக்காந்திருவாரு. சகுனம் சரியில்லன்னு சொன்னா யாருண்ணே பேசுவா?"

"அப்ப நீ சாமின்னு நம்பலியா?"

"நம்புறேனே. அஞ்சு வாளி ஊத்தணும்னு ஒங்களுக்குத் தோணுச்சில்ல? அது யாரு?"

நான் யன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

குவைத்தில் மேடத்திடம் எப்படி 'முடியாது' என்று சொல்வாய் என்று பின்னொரு நாள் கேட்டேன். "முடியாதுன்னு சொல்லவே மாட்டேன். 'இன்சா அல்லா'ன்னு சொல்லுவேன்," என்றாள்.

7. தைமாதத்துப் படகு

சீசனின் முதல் மாதம் படகில்லாமல் போனது. ஏஜென்ட்டின் ஆட்கள் எதிர்க்கரைக்குத்தான் போனார்கள். மலர் அதைப்பற்றி என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சந்திரன் சந்திக்கும்போதெல்லாம் சொன்னார்.

பொங்கல் கழிந்த மறுவாரம் இன்னொரு இன்போர்ட் இருப்பதாகத் தகவல் வந்தது. தென்பகுதி ஆற்றில் தினமும் ஓடிய படகு. வெயிலில் நிறம் வெளுத்து, சீட் எல்லாம் கிழிந்து, பார்க்க அநியாயமாக இருந்தது. சந்திரன் சுற்றிவந்துவிட்டு, "இதுல ஏறி ஒக்காரவே மனசு வரலண்ணே," என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது.

இஞ்சின் குளிர்ந்து கிடந்தது. உடைமையாளர் சிங்களவர், வயதானவர். நான் சிங்களத்தில், வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு வித்தியாசமான ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அவரே குழாயை இழுத்துக் கொடுத்தார். அடைப்பு முன்பே கழற்றித்தான் வைத்திருந்தது, சாவியோடு சேர்த்து ஆணியில் தொங்கியது.

மலர் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஊத்தவா அண்ணே?"

ஒன்று, இரண்டு என்று ஐந்தும் ஊற்றினாள். நாங்கள் நான்கு பேரும் படகின் பின்புறம் குந்தி, அந்தச் சின்னத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் எண்ணெய் மினுக்கத்தோடு வந்தது. பிறகு ஊற்றியது ஊற்றியபடியே வந்தது. எழுந்துபோய் ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் வைத்தேன். எதுவும் அசையவில்லை. அன்றே ஆற்றில் இறக்கி, முழு வேகத்தில் இடமும் வலமும் திருப்பி, கரைக்கு வந்து மறுபடியும் வயிற்றைத் திறந்து பார்த்தேன். காய்ந்திருந்தது.

இளைய மெக்கானிக்குகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஓடிக் கெட்ட சாமானைவிட நின்று கெட்டதுதான் அதிகம். 'பாவிக்கவே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். நமக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் குற்றத்தைத் தேடாதீர்கள், அது நமக்காக அங்கே வந்து உட்கார்ந்திருக்காது. குற்றத்தைக் கண்டுபிடிப்பது ஒரு தொழில், வேண்டாம் என்று சொல்வது வேறு தொழில். இரண்டாவதில் நான் இன்னும் கற்றுக்குட்டிதான்.

படகு இப்போது காசல்ரீயில் ஓடுகிறது. மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். அன்றைக்கு மலர் குளித்து, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் காத்து நிற்பாள். நான் எல்லாவற்றையும் தட்டி, திருகி, மோந்து முடிக்கும்வரை கிட்டே வரமாட்டாள். கோயில் வாசலை மிதித்துப் பல வருடமாகிவிட்ட எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு உத்தியோகம்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்வேன்.

"என்னாண்ணே?" என்பாள்.

"வைக்கலாம்," என்பேன்.